ஸ்ட்ராபெர்ரிப் பப்பும் எங்கள் மாந்தோப்பும்

இங்கிலாந்துக்குப் போய் வந்தேன் என்றால் எங்கள் ஊரில் எல்லோரும் ஏரோப்பிளேனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதில் சொல்ல ஒன்றும் இல்லை. உட்கார வைத்து இடுப்பில் வார் போட்டுக் கட்டினார்கள், ஆறிப்போன சோறு கொடுத்தார்கள், இறக்கிவிட்டார்கள். சித்தூர் பஸ்ஸில் போனால்கூட ஜன்னல் வழியாக நாலு முகம் பார்க்கலாம். நான் சொல்ல வந்தது ஒரு பழத்தைப் பற்றி. அதன் பெயர் ஸ்ட்ராபெர்ரி. அதை வைத்து நான் பப்பு என்கிற பருப்புக் கடைசல் செய்தேன், ரசம் வைத்தேன், துவையல் அரைத்தேன், தொக்கு கிளறினேன். எனக்கு எழுத்து கொஞ்சம்தான் வரும். நிதானமாகத்தான் எழுதுவேன், நீங்களும் நிதானமாகப் படியுங்கள்.

என் மகள் வசந்தா அங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். திருப்பதியில் படித்தாள், ஹைதராபாத்தில் வேலைக்குச் சேர்ந்தாள், கூட வேலை செய்த சுரேஷைக் கல்யாணம் செய்துகொண்டாள், இரண்டு பேரையும் கம்பெனிக்காரர்கள் அங்கே அனுப்பிவிட்டார்கள். பேரன் பிறந்து ஆறு மாதம் ஆனதும் அவள் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டாள். எங்கள் வீட்டுக்காரர் மாட்டை விட்டு வரமுடியாது என்று நின்றுவிட்டார்.

புறப்படுவதற்கு முன்னால் வசந்தா போனில் ஒன்று சொன்னாள்.

"அம்மா, இங்க யார்னா கேட்டா நமக்கு மாந்தோப்பு இருக்குதுன்னு சொல்லிடு. கூலிக்குப் போன கதையெல்லாம் எடுக்காத. மாமியார் வீட்லயும் அப்டித்தான் நெனச்சிக்கினு இருக்காங்க."

நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எங்களுக்குத் தோப்பு கிடையாது. ஆந்திராவில் சித்தூர் பக்கம், புத்தலப்பட்டுக்கு உள்ளே தள்ளி எங்கள் ஊர். சர்க்கார் கொடுத்த கொஞ்சம் நிலத்தில் வேர்க்கடலை போடுகிறோம். அதில் ஒரு மாமரம்கூட இல்லை. அதற்கு முன்னால் எங்கள் ஜனத்தில் யாருக்கும் நிலமே இல்லை. மற்றவர்கள் தோப்பில் காய் பொறுக்கினேன், தரம் பிரித்தேன், கூடை சுமந்தேன். சித்தூரில் மாம்பழக் கூழ் ஃபாக்டரிகள் வந்த பிறகு சீசனுக்குச் சீசன் அங்கேயும் போனேன். என் முழங்கை வரைக்கும் மாம்பால் சுட்ட தழும்பு இருக்கிறது. அந்தக் கையால்தான் அவளைப் படிக்க வைத்தேன். அதை நான் எங்கேயும் குனிந்து சொன்னதில்லை.

அங்கே ஏர்போர்ட்டில் என் பையைத் திறந்து கேழ்வரகு மாவுப் பொட்டலத்தை ஒருவன் எடுத்துப் பார்த்தான், முகர்ந்தான், இன்னொருவனைக் கூப்பிட்டு முகரச் சொன்னான். நான் வாயில் அள்ளிப் போட்டுக்கொள்வதுபோல் கையால் காட்டினேன். சிரித்துக்கொண்டு கொடுத்துவிட்டான். ஆனால் ஆவக்காய் பாட்டிலில் எண்ணெய் கசிந்து புடவையெல்லாம் நாசம். மாப்பிள்ளை காரில் வந்து அழைத்துப் போனார். கார் முழுக்க ஆவக்காய் வாசனை. அவர் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார், அவ்வளவுதான்.

முதல் வாரம் எனக்குப் பொழுதே விளங்கவில்லை. இரவுச் சாப்பாட்டு நேரத்திலும் வெயில் அடிக்கிறது. தெருவில் ஆள் இல்லை. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒருநாள் கடைத்தெருவுக்குப் போய், திரும்பும்போது பஸ்ஸை நிறுத்த ரோட்டில் இறங்கிக் கையை ஆட்டினேன். எங்கள் பக்கம் அப்படி ஆட்டாவிட்டால் நிற்கமாட்டான். டிரைவர் பயந்து பிரேக் போட்டு, இறங்கிவந்து, என் தோளைப் பிடித்து ஓரமாக நிறுத்திவிட்டு, பிறகு வண்டியையும் ஓரமாகக் கொண்டுவந்து கதவைத் திறந்தான். நல்ல பையன். நம் ஊரில் என்றால் என் பரம்பரையையே திட்டியிருப்பான்.

ஸ்ட்ராபெர்ரியை முதலில் பார்த்தது அந்தக் கடைத்தெருவில்தான். கடைக்கு முன்னால் குவித்து வைத்திருந்தார்கள். நாலு கடை தள்ளி நிற்கும்போதே வாசனை வந்தது. வாங்கிக் கடித்தால் வாசனைக்குத் தகுந்த இனிப்பு இல்லை. முதலில் புளிப்பு, அதற்குப் பின்னால்தான் இனிப்பு எட்டிப் பார்க்கிறது. பக்கத்து வீட்டுக் கிழவி ஒரு கிண்ணத்தில் அதை நறுக்கி, சர்க்கரை தூவி, மேலே பாலேட்டை ஊற்றிக் கொடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் புளிப்பு இருக்கிற ஒரு பண்டத்தை இனிப்பாக மட்டும் தின்பது வீண் என்று எனக்குப் பட்டது. வசந்தாவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். நான் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு தரம்தான். அதற்குப் பின் வந்த ஞாயிற்றுக்கிழமையோடு எல்லாம் மாறிவிட்டது.

அன்றைக்கு மாப்பிள்ளையின் சிநேகிதரும் அவர் மனைவி லாவண்யாவும் வந்தார்கள். நெல்லூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள். எல்லோரும் சேர்ந்து ஸ்ட்ராபெர்ரித் தோட்டத்துக்குப் போனோம். அங்கே ஜனங்கள் தாங்களே பறித்து, பறித்ததற்குக் காசு கொடுத்து எடுத்துப் போகிறார்கள் என்று காரில் வைத்துச் சொன்னார்கள். காசு கொடுத்துக் குனிகிற ஊர் இதுதான் என்று நான் சொன்னேன். லாவண்யா சிரித்தாள்.

தோட்டத்து வாசலில் அட்டைக் கூடைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். தொப்பி போட்ட ஒருவர் ஆளுக்கு ஒரு வரிசையைக் கைகாட்டி அனுப்பினார். எங்கள் பக்கத்து மேஸ்திரியும் இப்படித்தான் நிற்பார். தக்காளி வயலில் கிழக்கே பார்க்க நின்றுகொண்டு, உனக்கு இது, உனக்கு இது என்பார். ஒரு வரிசையை ஒப்புக்கொண்டால் அதை முடிக்காமல் நிமிரக்கூடாது. நிமிர்ந்தால் பக்கத்து வரிசைக்காரி முந்திக்கொள்வாள். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். தரை ஈரம், இலைக்கு அடியில் பழம், காம்பை நகத்தால் கிள்ளினால் சத்தத்தோடு வருகிறது. அதிலே ஒரு சந்தோஷம் வந்துவிட்டது. எத்தனையோ வருஷம் கழித்து இடுப்பு வளைகிறது, வலிக்கவே இல்லை. நிறைந்த கூடையை வரிசைத் தலைமாட்டில் வைத்தேன், அடுத்ததை எடுத்தேன். குழந்தைகள் பறித்துப் பறித்து வாயில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் தங்கள் வரிசையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

வரிசை முடிந்ததும் எங்கள் வழக்கப்படி கனிந்து உடைந்த பழம், நத்தை கடித்த பழம், இதையெல்லாம் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டேன். கூடையில் இருப்பது தோட்டக்காரனுடையது, மடியில் இருப்பது வேலை செய்தவளுடையது. சாயங்காலம் மடி கட்டாமல் எந்தக் கூலிக்காரியும் வீட்டுக்குப் போகமாட்டாள், எந்தத் தோட்டக்காரனும் அதைக் கேட்கமாட்டான். காசு கொடுக்கிற ஊர் என்று காரில் சொன்னது எனக்கு மறக்கவில்லை. கைக்குத்தான் மறந்துவிட்டது. கூடைகளையெல்லாம் வாசலில் தராசுக்காரப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, மடியோடு காரைப் பார்த்து நடந்தேன்.

அந்தப் பெண் பின்னாலேயே வந்து கூப்பிட்டாள். என் மடியெல்லாம் சிவப்பாக ஊறிச் சொட்டிக்கொண்டிருந்தது. அடிபட்டுவிட்டதா என்று கேட்கிறாள் என்று மாப்பிள்ளை சொன்னார். நான் மடியைப் பிரித்துக் காட்டினேன். அவள் பழத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இதை எப்படி நிறுப்பது என்று தெரியாமல் நின்றாள். அங்கே நான் பறித்த கூடைகள் எல்லாம் நாங்கள் வாங்கினதாகக் கணக்கில் ஏறியிருந்தன. மாப்பிள்ளை பேங்க் அட்டையைத் தேய்த்தார். மடியில் இருப்பதை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று அந்தப் பெண் சொன்னாளாம்.

லாவண்யாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கெட்ட மனது இல்லை, சின்னப் பெண். தெலுங்கில் கேட்டாள், ஆன்ட்டி, இவ்வளவு வேகமாகப் பறிக்க எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று. வசந்தா முந்திக்கொண்டு, எங்கள் தோப்பில் அம்மா பொழுது போகாமல் பறிப்பாள் என்று சொன்னாள்.

பொழுது போகாமல் என்ற அந்த வார்த்தையை என்னால் முழுங்க முடியவில்லை. நானும் தெலுங்கிலேயே சொன்னேன்: "தோப்பு எங்களது இல்லம்மா. நான் கூலிக்குப் போனவ. மடி கட்டறது கூலிக்காரங்க வழக்கம்."

 லாவண்யா வசந்தா கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, "ஐயோ பாவம் ஆன்ட்டி, எவ்ளோ கஷ்டப்பட்டிருக்கீங்க," என்றாள். வீடு வரும்வரை வசந்தா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் ஃப்ரிட்ஜ் நிறைந்து, மேஜை நிறைந்து, ஜன்னல் கட்டையிலும் கூடை. அந்தப் பழம் மாம்பழம் போலக் காத்திருக்காது. மறுநாளே ஓரம் கசியும், அதற்கு மறுநாள் பூசணம் பூக்கும். தூக்கிப் போட எனக்கு மனம் வருமா? சமைக்க ஆரம்பித்தேன்.

முதலில் பப்பு. காம்புப் பக்கம் வெள்ளை மாறாத காய்ப்பழமாகப் பொறுக்கிக்கொண்டேன். துவரம்பருப்பைப் பச்சைமிளகாய், மஞ்சள் போட்டு வேகவைத்து மசித்து, அதற்குப் பிறகுதான் பழத்தை இரண்டாக வெட்டிப் போடவேண்டும். மாங்காயைப்போல் பருப்போடு சேர்த்து வேகவைத்தால் கரைந்து காணாமல் போய்விடும். ஒரு கொதி, உப்பு, கடுகு, காய்ந்த மிளகாய், நசுக்கின பூண்டு தாளிப்பு. புளி வேண்டாம். மாப்பிள்ளை சுடுசோற்றில் நெய் விட்டுப் பிசைந்து மூன்று தரம் போட்டுக்கொண்டார். வசந்தா பசி இல்லை என்று ரொட்டியைப் பிய்த்துத் தின்றுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் நன்றாகக் கனிந்ததைக் கையால் பிசைந்து ரசம் வைத்தேன். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, நுரை கட்டினதும் இறக்கிவிட வேண்டும். கொதிக்க விட்டால் வாசனை ஓடிப்போய் வெறும் புளிப்புத் தண்ணீர் நிற்கும். பார்க்கத்தான் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுக் கிழவிக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே குடித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது, டம்ளரை நீட்டி இன்னும் கேட்டாள். வசந்தா அன்றைக்கும் தொடவில்லை. ஆஃபீஸிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்றாள்.

பாயசத்தில் தோற்றேன். சூடான பாலில் பழத்தைப் போட்டதும் திரிந்துவிட்டது. பால் நன்றாக ஆறின பிறகு போட்டிருக்க வேண்டும். அதைவிடச் சுலபம் தயிர்ப் பச்சடி. பொடியாக நறுக்கி உப்பும் பச்சைமிளகாயும் சேர்த்துத் தயிரில் கலந்து கடுகு தாளித்தால் போதும், சாப்பிடுகிற நேரத்தில் கலக்க வேண்டும்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது துவையல்தான். வேர்க்கடலையை வறுத்துத் தோல் நீக்கி, காய்ந்த மிளகாய், பூண்டு, உப்போடு அரைத்து, கடைசியில் பழத்தைப் போட்டு ஒரு சுற்று. ஒரு சுற்றுக்கு மேல் வேண்டாம். கொண்டுபோன கேழ்வரகு மாவில் களி கிளறி உருண்டை பிடித்து நடுவில் குழி செய்து அதை வைத்தேன். சின்னதில் வசந்தாவுக்குக் களி என்றால் உயிர். தட்டில் போட்டு மூடி வைத்தேன். காலையில் பார்த்தால் மூடி எடுக்காமலே இருந்தது, களி கல்லாகிவிட்டிருந்தது.

மாப்பிள்ளை பாத்திரம் கழுவிக்கொண்டே என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எனக்கு முன்னாடியே தெரியும் அத்தை. கல்யாணத்துல உங்க கையப் பார்த்தேன். எங்க அம்மாகிட்ட நான் சொல்லல. வசந்தாவும் எங்கிட்ட சொல்லல, நானும் கேட்கல." எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவர்கள் இரண்டு பேரும் இதைப் பேசினதே இல்லை என்று நினைத்தபோது வருத்தமும் வந்தது.

கடைசியாக மிச்சம் இருந்ததையெல்லாம் போட்டுத் தொக்கு. பழத்தில் தண்ணீர் அதிகம், ஆகவே எண்ணெய் இல்லாமலே முதலில் வற்றவிட வேண்டும். பாதியாக வற்றினதும் நல்லெண்ணெய், மிளகாய்த் தூள், உப்பு, வறுத்துப் பொடித்த வெந்தயம், பெருங்காயம். எண்ணெய் மேலே மிதக்கிறவரைக்கும் கரண்டியை விடக்கூடாது. விட்டால் அடி பிடிக்கும். அப்போது வசந்தா அடுப்படிக்கு வந்து என் பின்னால் நின்றாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நான் திரும்பவில்லை.

"இன்னாடி, நான் பொய் சொல்லணும்ன்றியா?"

"நானும் பொய் சொல்லலம்மா. காலேஜ் ஹாஸ்டல்ல எல்லாரும் கேட்டாங்க, உங்க நைனா இன்னா பண்றார்னு. தோப்புல இருக்கார்னு சொன்னேன். தோப்பு நம்மளுதுன்னு அவங்களா நெனச்சிக்கினாங்க. நான் இல்லன்னு சொல்லல. அப்புறம் சொல்ற நேரமே வரல."

"நான் கூலிக்குப் போனதாலதான் நீ படிச்சே. அத எடுத்துட்டா நான் யாரு?"

"அது எனக்குத் தெரியாதா? லாவண்யா சொன்னது கேட்டியா? ஐயோ பாவம்னா. அது ஒருத்தர் வாய்லயும் வரக்கூடாதுன்னுதான் இத்தன வருஷமா காப்பாத்திக்கினு வந்தேன். உன்ன யாரும் பாவம்னு பார்க்கக்கூடாது. நீயே போய் அவ கையில குடுத்துட்டே."

எண்ணெய் தெறித்தது. நான் கிளறிக்கொண்டே இருந்தேன். எனக்கு ஒரு பதில் வேண்டும். என் வேலையை யாராவது பாவம் என்றால் அது அவர்கள் குறை, நமக்கு என்ன என்று சொல்லலாம். அல்லது, நீ நினைத்தது எனக்குப் புரிகிறது என்று சொல்லலாம். இரண்டும் நிஜம். எதை முதலில் சொல்வது என்று யோசிப்பதற்குள் குழந்தை அழுதது, அவள் போய்விட்டாள். போகிறபோது கரண்டி ஓரத்திலிருந்து ஒரு விரல் தொக்கை வழித்து வாயில் வைத்துக்கொண்டு போனாள். 

அதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தேன். குழந்தையைப் பற்றிப் பேசினோம், குளிரைப் பற்றிப் பேசினோம். அதைப் பேசவில்லை. அவள் காலையில் போய்ச் சாயங்காலம் வருவாள், நான் தட்டு வைப்பேன், சாப்பிடுவாள். சண்டை போட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஏர்போர்ட்டில் என் புடவை முந்தானையைச் சரிசெய்து, மேலே ஸ்வெட்டர் பித்தானைப் போட்டுவிட்டு, "பத்திரமா போம்மா," என்றாள். நான் சொல்ல நினைத்திருந்ததைச் சொல்வதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது.

மெட்ராஸில் இறங்கி நேராகத் திருப்பதிக்குப் பஸ். அங்கே சம்பந்தி வீடு. பேரனைப் பார்த்துவிட்டு வந்தவள் அவர்களுக்கு முகம் காட்டாமல் போனால் மரியாதை இல்லை. அவர்களும் எங்கள் ஜனம்தான், ஆனால் இரண்டு தலைமுறைக்கு முன்பே திருப்பதிக்கு வந்து சிமென்ட், கம்பிக் கடை வைத்து மேலே வந்தவர்கள். நிச்சயமும் கல்யாணமும் திருப்பதியிலேயே முடிந்ததால் எங்கள் ஊருக்கு அவர்கள் வந்ததே இல்லை. சம்பந்தியம்மா என்னை வதினா என்பார், தெலுங்கில் அண்ணி. நானும் அவரை அப்படியே கூப்பிடுவேன்.

குழந்தை ஃபோட்டோக்களைப் பார்த்து முடித்ததும் சாப்பாடு போட்டார். நான் கொண்டுவந்த தொக்கு பாட்டிலைத் திறந்து தயிர்ச் சோற்றுக்கு வைத்தேன். நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டு, இது என்ன மாங்காய் என்று கேட்டார். மாங்காய் இல்லை, அந்த ஊர்ப் பழம் என்றேன். அவர் நம்பவே இல்லை. மாங்காய்க் கை உங்களுக்கு, எது கிளறினாலும் அதே ருசி வருகிறது என்றார். எனக்கு சந்தோஷமாக இருந்தது.

பிறகு தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "அடுத்த சீசன்ல கொழந்தைக்கு மலைமேல மொட்டை போட வராங்க இல்ல வதினா. அப்போ நாங்க எல்லாரும் உங்க தோப்புக்கு வந்துடறோம். ஒரு பொழுது மரத்தடியில சாப்பிட்டு, கொழந்தை கையால ஒரு காய் பறிக்க வெச்சிட்டுப் போலாம். சுரேஷும் அத்தை வீட்டுத் தோப்ப ஒரு தரமாவது பார்க்கணும் இல்ல?"

அப்போது சொல்லியிருக்கலாம். தோட்டத்து வாசலில் அன்றைக்குத்தான் பார்த்த லாவண்யாவிடம் சொன்னவளுக்கு இங்கே சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயைத் திறந்தேன். எதிரே அவர் முகத்தில் எந்தக் கள்ளமும் இல்லை. நான் சொன்னதும் அந்த முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தேன். கோபம் வராது. லாவண்யா மாதிரி ஐயோ பாவம் என்றுதான் ஆகும்.

"வாங்க வதினா," என்றேன். "எல்லாரும் வாங்க."

மறுநாள் காலையில் சித்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வசந்தாவுக்கு வந்து சேர்ந்துவிட்டேன் என்று போன் செய்ய வேண்டும், இதைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு வந்தேன். சொன்னால் அவள் சந்தோஷப்படுவாளா, அழுவாளா, அதுவும் எனக்குத் தெரியவில்லை. புத்தலப்பட்டு நெருங்க நெருங்க ரோட்டுக்கு இரண்டு பக்கமும் தோப்பு. காய் முடிந்து இலை மட்டும் நின்றது. சிலதைக் கல் நட்டு மனை போட்டிருந்தார்கள். எதைக் காட்டி எங்களுடையது என்று சொல்லலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. எல்லாத் தோப்பிலும் நான் கூடை சுமந்திருந்தேன்.